ராணிப்பேட்டை அதிர்வுச் சோதனைக்கூடம்: சுத்தியலை நம்பலாம், மைக்கை நம்ப வேண்டாம்

வட ஆற்காட்டில் "வைப்ரேஷன் எடுப்பது" என்றால் பெரும்பாலோர் மனத்தில் வருவது ஒன்றுதான். ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன் அல்லது பம்ப்பின் பேரிங் மீது உணரியை வைத்து, அதிர்வின் வேகம் நொடிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து, ஐ.எஸ்.ஓ. வரம்போடு ஒப்பிட்டு, ஓட்டலாமா நிறுத்தலாமா என்று சொல்வது. கொதிகலன் துணைக்கருவிகள் செய்யும் பெல் ஆலையும் அதைச் சுற்றி வளர்ந்த பட்டறைகளும் நிறைந்த ராணிப்பேட்டைக்கு அந்த ஒற்றை எண்ணே போதுமானதாக இருந்துவந்தது. விமானத்திலோ ஆளில்லா விமானத்திலோ பூட்டப்போகும் பாகத்துக்கு அது போதாது. அங்கே கேட்கப்படுவது எவ்வளவு ஆடுகிறது என்பதைவிட, எந்த அதிர்வெண்ணில் ஆடுகிறது, எந்த வடிவத்தில் வளைகிறது, தட்டி விட்டால் எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதுதான்.

காட்பாடியில் உள்ள எங்கள் பட்டறையில் ஆளில்லா விமானங்களுக்கான அலுமினிய பிராக்கெட்டுகளையும் மோட்டார் தாங்கும் கைகளையும் மில்லிங் செய்து கொடுக்கிறோம். பெங்களூரு வாடிக்கையாளர் ஒருவர், விமானக் கருவிகளுக்கான டி.ஓ.-160 தரநிலையின் 8ஆம் பிரிவில் உள்ள முறைப்படி அதிர்வுச் சோதனை அறிக்கையும், கூடவே ப்ரொப்பெல்லர் ஓசையின் அளவும் வேண்டும் என்று கேட்டார். தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துக்கான 5 முனையங்கள் சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சி என்று அமைந்துவிட்டதால், இப்படிப்பட்ட வேலைக்கு நம் பக்கத்தினர் கிழக்கே சென்னைக்கோ மேற்கே பெங்களூருக்கோ பாகத்தைத் தூக்கிக்கொண்டு போவதுதான் வழக்கம். அப்படியிருக்க, சிப்காட் வளாகத்திலேயே ஒரு தனியார் சோதனைக்கூடம் இந்த வேலையை எடுத்துச் செய்கிறது என்று கேள்விப்பட்டு அங்கே கொடுத்தோம். பெயரை எழுதவில்லை, அங்கே போய் "ஷேக்கர் வச்சிருக்கிற இடம்" என்று விசாரித்தால் வழிகாட்டுவார்கள் (ஷேக்கர் என்பது பாகத்தைப் பூட்டி ஆட்டும் அதிர்வு மேசை).

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நல்லதுதான் அதிகம்.

பிராக்கெட்டைத் தட்டினால் அது தானாக ஆடும் இயல்பு அதிர்வெண்களைக் கண்டறியச் சுத்தியல் சோதனையோடு தொடங்கினார்கள். விசை உணரி பொருத்திய சிறு சுத்தியலால் பாகத்தைத் தட்டி, அதன் மீது ஒட்டிய முடுக்கமானி (அசைவின் முடுக்கத்தை அளக்கும் உணரி) தரும் எதிர்வினையைப் பதிந்து, இரண்டுக்கும் உள்ள விகிதத்தை அதிர்வெண் வாரியாக வரைவதுதான் இந்தச் சோதனை. சொல்வதற்கு எளிது, ஏனோதானோ என்று செய்தால் விடை முழுவதும் பொய்யாகிவிடும். இங்கே பாகத்தை இரப்பர் கயிறுகளில் தொங்கவிட்டார்கள். எங்கள் மேஸ்திரி பொறுமையிழந்து, "ஏம்மா, மேசை மேல வச்சே தட்டலாமே?" என்று கேட்டார். சோதனை நடத்திய இளம் பொறியாளர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "மேசையில வச்சா மேசையும் கூடச் சேர்ந்து ஆடும்ணா, எது உங்க பாகம், எது எங்க மேசைன்னு பிரிக்க முடியாது" என்றார். கயிற்றில் ஊசலாடும் அதிர்வெண் சில ஹெர்ட்ஸ் மட்டுமே. பாகத்தின் முதல் இயல்பு அதிர்வெண் அதைவிடப் பல மடங்கு உயரத்தில் இருப்பதால் ஒன்றை ஒன்று தொடாது.

அடுத்து முனையைத் தேர்ந்தெடுத்தது கவனத்துக்குரியது. சுத்தியலுக்கு இரப்பர், பிளாஸ்டிக், எஃகு என முனைகள் உண்டு. முனை கடினமாக இருந்தால் தட்டல் குறுகிய நேரத்தில் முடிந்து உயர் அதிர்வெண் வரை ஆற்றல் செல்லும்; மென்மையாக இருந்தால் ஆற்றல் தாழ் அதிர்வெண்ணிலேயே தங்கிவிடும். எங்களுக்கு 2,000 ஹெர்ட்ஸ் வரை வேண்டும் என்பதால் முதலில் பிளாஸ்டிக் முனையைப் போட்டுத் தட்டி, விசையின் நிறமாலை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு என்ற வரைபடம்) மேல்பகுதியில் மிகவும் தாழ்ந்துவிடுவதைக் காட்டி, பிறகு எஃகு முனைக்கு மாறினார்கள். இந்த ஒப்பீட்டை வாடிக்கையாளர் கண்முன்னே செய்ய வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. கை தவறி இரட்டைத் தட்டலாக விழுந்த பதிவுகளை மென்பொருள் பிடிப்பதற்கு முன்பே காதால் கண்டு நீக்கியதும் எனக்குப் பிடித்திருந்தது.

முடுக்கமானியின் எடையும் இங்கே முக்கியம். பொதுவாகப் புழங்கும் 100 மில்லிவோல்ட் உணர்திறன் கொண்ட உணரிகள் கனமானவை. எடை குறைந்த பிராக்கெட்டின் ஓரத்தில் அதை ஒட்டினால் உணரியின் எடையே பாகத்தின் அதிர்வெண்ணைக் கீழே இழுத்துவிடும். உணரியின் எடை பாகத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது நடைமுறை விதி. மெல்லிய ஓரங்களில் அந்தப் பங்கு கூட அதிகம். இவர்கள் ஓரிரு கிராம் எடையுள்ள சிறிய உணரியை எடுத்து, இடம் மாற்றி மாற்றி ஒட்டினார்கள். ஓரிடத்தில் இரண்டாவது உச்சம் காணாமல் போனபோது, அந்த வடிவத்தில் அசையாத கோட்டின் மீது உணரி உட்கார்ந்திருக்கிறது என்று விளக்கி, சற்றுத் தள்ளி ஒட்டியதும் உச்சம் திரும்ப வந்தது.

ஒட்டும் முறையில் நம் ஊர் வெயிலுக்கான ஒரு குறிப்பு. சிறிய உணரிகளை மெழுகால் ஒட்டுவது வழக்கம். அந்த மெழுகு 40 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இளகத் தொடங்கும். கத்திரி வெயிலில் வேலூர் மாவட்டத்தில் நிழலிலேயே அந்த வெப்பம் வந்துவிடும் என்பதால், குளிர்சாதனம் இல்லாத கூடத்தில் மெழுகை நம்பி எடுத்த உயர் அதிர்வெண் அளவு எதையும் நான் ஏற்கமாட்டேன். இவர்கள் கூடம் குளிரூட்டப்பட்டது. ஷேக்கர் சோதனைக்கு மெழுகைத் தொடாமல் திருகு மரையும் பசையுமே பயன்படுத்தினார்கள். காந்தத்தில் ஒட்டினால் சுமார் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் நம்பகம் குறையும் என்பது ஒருபுறமிருக்க, அலுமினியத்தில் காந்தம் ஒட்டவே ஒட்டாது.

ஒவ்வொரு வரைபடத்தோடும் கோஹெரன்ஸ் கோட்டையும் சேர்த்துக் கொடுத்ததைத்தான் இந்தக் கூடத்தின் மிகப் பெரிய தகுதியாகக் கருதுகிறேன். வெளியே வந்த அதிர்வில் எவ்வளவு பங்கு உள்ளே கொடுத்த தட்டலால் வந்தது என்பதை அது சொல்கிறது. 1 என்றால் முழுவதும் தட்டலாலேயே வந்தது, குறையக் குறைய இரைச்சலோ தவறான தட்டலோ கலந்திருக்கிறது. உச்சம் இருக்கும் இடத்தில் இந்தக் கோடு 1-ஐ ஒட்டி நிற்க வேண்டும். பாகம் அசைய மறுக்கும் அதிர்வெண்களில் குழி விழுவது இயல்பு. பெரிய பெயர் பெற்ற இடங்களின் அறிக்கைகளில் கூட இந்தக் கோட்டை வெட்டிவிட்டு அழகான உச்சங்களை மட்டும் அச்சிட்டுக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். கோஹெரன்ஸ் இல்லாத சுத்தியல் அறிக்கை ரசீது இல்லாத பில் மாதிரி. தொகை இருக்கும், ஆதாரம் இருக்காது.

குறை தணிப்பில் வந்தது. ஒரு அதிர்வு எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்பதை, உச்சத்திலிருந்து 3 டெசிபெல் கீழே வரைபடத்தின் அகலம் எவ்வளவு என்று பார்த்துக் கணக்கிடலாம். அந்த அகலத்தை உச்ச அதிர்வெண்ணின் இருமடங்கால் வகுத்தால் தணிப்பு விகிதம் கிடைக்கும். ஆனால் மெதுவாக அடங்கும் பாகத்தில், பதிவு நேரம் முடிவதற்குள் அதிர்வு அடங்காமல் போனால், அதைச் செயற்கையாகத் தேய வைக்கும் அடுக்குக்குறிச் சாளரம் ஒன்றை மென்பொருள் போடுகிறது. அந்தத் தேய்வும் தணிப்பாகவே கணக்கில் ஏறும். கால் நொடி நேர மாறிலி கொண்ட சாளரம் 180 ஹெர்ட்ஸ் உச்சத்தில் ஏறத்தாழ 0.35 விழுக்காட்டைக் கூட்டிவிடும்; உண்மைத் தணிப்பு 1 விழுக்காடு என்றால் அறிக்கையில் 1.35 என்று வரும். கேட்பதற்குச் சிறிய வித்தியாசம். ஒத்ததிர்வில் பாகம் எத்தனை மடங்கு பெருக்கி ஆடும் என்ற கணக்கோ ஏறக்குறைய 50 மடங்கிலிருந்து 37 மடங்காகக் குறைந்துவிடும், அதுவும் ஆபத்தான பக்கமாக. எங்கள் அறிக்கையில் சாளரத்தின் பங்கைக் கழித்தார்களா இல்லையா என்ற குறிப்பே இல்லை. கேட்ட பிறகு கழித்துத் திருத்திய தாளை மறுநாளே அனுப்பினார்கள். கேட்காதவர்களுக்கு எந்தத் தாள் போகிறது என்பதுதான் என் கவலை. சாளரத்தைத் தவிர்க்க விரும்புவோர் பதிவு நேரத்தை நீட்டச் சொல்லலாம்; 4 நொடிப் பதிவு எடுத்தால் அதிர்வெண் நுணுக்கமும் 0.25 ஹெர்ட்ஸ் வரை கிடைக்கும்.

ஷேக்கர் சோதனையைப் பற்றிப் புகார் சொல்ல அதிகம் இல்லை. பாகத்தைப் பூட்டுவதற்கு முன்பே அதை மேசையோடு பிடித்துக்கொள்ளும் வெறும் ஃபிக்ஸ்சரை மட்டும் ஆட்டி, 2,000 ஹெர்ட்ஸுக்குள் அதற்கென்று ஒத்ததிர்வு எதுவும் இல்லை என்று வரைபடத்தில் காட்டினார்கள். இதைச் செய்யாத இடத்தில் பாகம் தேர்ந்ததா, ஃபிக்ஸ்சர் தேர்ந்ததா என்று யாருக்கும் தெரியாது. கட்டுப்பாட்டு உணரியைப் பாகத்தின் பூட்டுத் துளைக்கு அருகிலேயே வைத்தார்கள். ஷேக்கரின் எல்லையையும் மறைக்கவில்லை. 5 ஹெர்ட்ஸில் 1 ஜி, அதாவது புவியீர்ப்புக்குச் சமமான முடுக்கம், கொடுக்கவே மேசை மேலும் கீழுமாகச் சேர்த்து ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் நகர வேண்டும். இவர்கள் ஷேக்கரின் மொத்த நகர்வு 25 மில்லிமீட்டர் என்பதால், அந்த அடிமட்டத்தில் அதற்கு மேல் கேட்காதீர்கள் என்று விலைப்புள்ளியிலேயே எழுதியிருந்தார்கள். எடை கூடினால் விசையும் கூடும். 25 கிலோ மொத்த எடையை 10 ஜி-யில் ஆட்ட சுமார் 2.5 கிலோநியூட்டன் வேண்டும் என்ற கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு ஃபிக்ஸ்சரை வடிவமைப்பது நமக்கே நல்லது.

முறை இதுதான்: நிமிடத்துக்கு ஓர் ஆக்டேவ் (அதிர்வெண் இருமடங்காகும்) வேகத்தில் 10 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை, ஒரு நேரத்தில் ஓர் அதிர்வெண்ணாக ஏறும் சைன் ஓட்டம், பிறகு பல அதிர்வெண்கள் ஒரே நேரத்தில் கலந்த ஒழுங்கற்ற அதிர்வு, பிறகு மீண்டும் அதே சைன் ஓட்டம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். ஒழுங்கற்ற அதிர்வுக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு கோடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, உச்சம் கீழே நகர்ந்திருந்தால் எங்கோ திருகு தளர்ந்திருக்கிறது அல்லது விரிசல் தொடங்கியிருக்கிறது என்று பொருள். எங்கள் மோட்டார் கையில் அப்படி ஒரு நகர்வு வந்தது. பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை, திருப்புவிசை மானியை வைத்துப் பார்த்தபோது ஒரு போல்ட் மட்டும் இறுக்கம் இழந்திருந்தது. இந்த நகர்வை அற்பமாக நினைப்பவர்களுக்கு 1959, 1960 ஆகிய ஆண்டுகளில் வானிலேயே இறக்கை முறிந்து விழுந்த இரண்டு லாக்ஹீட் எலெக்ட்ரா விமானங்களின் கதை போதும். எஞ்சின் பிடிமானம் வலுவிழந்ததால், ப்ரொப்பெல்லர் தன் அச்சை விட்டுச் சுழன்றாடும் அதிர்வெண் கீழே இறங்கி இறக்கையின் அதிர்வெண்ணோடு சேர்ந்துகொண்டது. நான்கு மோட்டார்களைக் கைகளின் நுனியில் தாங்கும் சிறு ஆளில்லா விமானத்தில் அளவு சிறிதே தவிர, அங்கேயும் பிடிமானத்தின் விறைப்புத்தான் அதிர்வெண்ணை நிர்ணயிக்கிறது.

தரவும் கேட்டபடி கிடைத்தது. பி.டி.எஃப். அறிக்கையோடு, நேரவாரியான மூலப் பதிவுகளையும் யு.எஃப்.எஃப். என்ற பொதுக் கோப்பு வடிவில் தந்தார்கள்; எந்த அலசல் மென்பொருளிலும் திறந்து நாமே மறுபடி கணக்கிடலாம். சோதனைக்கு முன்னும் பின்னும் 159.2 ஹெர்ட்ஸ் கைக்கருவியால் முடுக்கமானிகளைச் சரிபார்த்த தாளும் உள்ளே இருந்தது. சோதனைக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் பெற்ற கூடம். ஆனால் அங்கீகாரம் என்பது கூடத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதன்று, குறிப்பிட்ட சோதனைகளுக்கும் குறிப்பிட்ட வரம்புகளுக்கும் மட்டுமே கிடைப்பது. அந்த வரம்புப் பட்டியலை என்.ஏ.பி.எல். இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். இவர்களுடையதில் அதிர்வு இருக்கிறது, ஒலி இல்லை.

ஒலி அளவீட்டை வைத்துப் பார்த்தால், மேலே எழுதியதெல்லாம் வேறு நிறுவனத்தைப் பற்றியதோ என்று தோன்றும். மைக்கைக் குறை சொல்ல முடியாது. 1,000 ஹெர்ட்ஸில் 94 டெசிபெல் தரும் கருவியால் முறையாகச் சரிபார்த்தார்கள். இடம்தான் தவறு. ஷேக்கர் கூடத்துக்குப் பக்கத்தில் உள்ள, சிமெண்ட் சுவரும் தகரக் கூரையும் கொண்ட சிறிய அறையில் மோட்டாரைத் தாங்கியில் பூட்டி, ஒரு மீட்டர் தள்ளி மைக்கை வைத்து, ஓர் எண்ணை எழுதிக் கொடுத்தார்கள்.

இரண்டு இதழ் கொண்ட ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு 6,000 முறை சுழன்றால் இதழ் கடக்கும் அதிர்வெண் 200 ஹெர்ட்ஸ். அந்த ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 1.75 மீட்டர். கடினச் சுவர்கள் கொண்ட சிறிய அறையில் இந்த அலை சுவரில் பட்டுத் திரும்பித் தன்மீதே விழுந்து நிற்கும். ஓரிடத்தில் உரக்கவும் இரண்டு சாண் தள்ளிச் சன்னமாகவும் கேட்கும். மைக்கைச் சற்று நகர்த்திப் பார்க்கச் சொன்னேன். வாசிப்பு நகர்த்திய தூரத்துக்கேற்பத் துள்ளியது. அதுவே போதும், அது மோட்டாரின் ஓசையோடு அறையின் ஓசையையும் சேர்த்து அளக்கிறது என்பதற்கு. மூடிய அறையில் ப்ரொப்பெல்லர் தள்ளிய காற்றே சுற்றி வந்து மீண்டும் இதழ்களுக்குள் புகுவதால், திறந்தவெளியில் இல்லாத கூடுதல் ஓசையும் பிறக்கிறது.

பக்கத்து ஷெட்டில் கிரைண்டிங் ஓடிக்கொண்டிருந்தது வேறு. பின்னணி இரைச்சலைவிட நாம் அளக்கும் ஒலி 10 டெசிபெல் கூடுதலாக இருந்தால் பிழை அரை டெசிபெல்லுக்குள் அடங்கும். வித்தியாசம் 3 டெசிபெல்தான் என்றால் அளந்ததில் பாதி ஆற்றல் பக்கத்து ஷெட்டுக்குச் சொந்தம். பின்னணியைத் தனியாக அளந்து அறிக்கையில் எழுதவில்லை. கொடுத்த எண்ணும் ஏ எடையிட்ட டெசிபெல். மனிதக் காதுக்கு ஏற்றதாகச் செய்யப்பட்ட அந்த எடையிடல் 200 ஹெர்ட்ஸை ஏறத்தாழ 11 டெசிபெல் குறைத்துக் காட்டும். அதாவது எங்கள் ப்ரொப்பெல்லரின் முதன்மையான தொனியையே அமுக்கிவிட்டு, இரைச்சலின் மேல்பகுதியை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தொழிற்சாலைத் தொழிலாளரின் காதைப் பாதுகாக்க அந்த எண் பொருத்தமானது. ப்ரொப்பெல்லரை மாற்றினால் ஓசை குறையுமா என்று தெரிந்துகொள்ள விரும்பும் வடிவமைப்பாளருக்கு நிறமாலை வேண்டும், சுழல் வேகத்தோடு சேர்த்துப் பதிந்த நிறமாலை. அதிர்வில் விட்டொழித்த ஒற்றை எண் பழக்கம் ஒலியில் அப்படியே தங்கிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

ஒலியே சுமையாக வரும் சோதனை வேறு வகை. ராக்கெட் கிளம்பும்போது எழும் ஓசை, செயற்கைக்கோளின் அகன்ற மெல்லிய பலகைகளை அடிப்பகுதி வழியாக வரும் அதிர்வைவிடக் கடுமையாக ஆட்டும். அதற்கு எதிரொலி அறை வேண்டும், அது பெங்களூரு தேசிய வான்வெளி ஆய்வகத்தில் இருக்கிறது. ராணிப்பேட்டைக் கூடத்தின் விளம்பரத் தாளில் "வான்வெளி ஒலிச் சோதனை" என்ற வரியைப் பார்த்து யாரும் அதை எதிர்பார்த்துப் போய்விட வேண்டாம். அந்த வரியை அவர்கள் எடுத்துவிடுவதே முறை.

வாடிக்கையாளருக்குக் கொடுத்த ஓசை அளவைக் கடைசியில் நாங்களே எடுத்தோம். காட்பாடிக்கு வெளியே சுவரும் மரமும் இல்லாத திறந்த வெளியில், விடியற்காலையில், காற்று எழுவதற்கு முன், விமானத்தைத் தாங்கியில் பூட்டிப் பறக்கவிடாமல் சுழற்றி, தரையில் வைத்த கடினமான தட்டின் மீது மைக்கைப் படுக்க வைத்துப் பதிந்தோம். தட்டின் மேல் நேரலையும் எதிரலையும் ஒன்றாகச் சேர்வதால் அளவு 6 டெசிபெல் கூடுதலாக வரும். அதைக் கழித்தால் போதும், தரை எதிரொலியால் நிறமாலையில் விழும் குழிகளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. 200 ஹெர்ட்ஸ் தொனியும் அதன் மடங்குகளும் சீப்பின் பற்களாகத் தெளிவாக நின்றன. வாடிக்கையாளர் அதை ஏற்றுக்கொண்டார்.

கட்டணம் பெங்களூரைவிடக் குறைவு. வண்டி வாடகையையும் ஒரு நாள் கூலியையும் சேர்த்துக் கணக்கிட்டால் மிகவும் குறைவு. சுத்தியல் சோதனைக்குப் பாகம் ஒன்றுக்கு இவ்வளவு என்றும், ஷேக்கருக்கு மணிக்கு இவ்வளவு என்றும் வாங்குகிறார்கள், 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. தனி. ஷேக்கரின் மணிக்கணக்கு, ஃபிக்ஸ்சரைப் பூட்டத் தொடங்கும்போதே ஓடத் தொடங்கிவிடுகிறது என்பதை முன்கூட்டி யாரும் சொல்வதில்லை. எனவே ஃபிக்ஸ்சரின் துளை இடைவெளியை அவர்கள் மேசை வரைபடத்தோடு ஒப்பிட்டு நம் பட்டறையிலேயே சரிசெய்துகொண்டு, போல்ட்டுகளையும் திருப்புவிசை அளவையும் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. விலைப்புள்ளி கேட்கும் மின்னஞ்சலிலேயே கோஹெரன்ஸ் வரைபடம், சாளரம் கழித்த தணிப்பு, வெறும் ஃபிக்ஸ்சர் ஓட்டம், யு.எஃப்.எஃப். கோப்பு ஆகிய நான்கையும் எழுதிக் கேட்டுவிட்டு, ஒலி அளவீட்டுக்கான வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.